படுக்கையில் சேர்ந்தால்தான் காப்பீடா? மனநலச் சிகிச்சையும் சட்டம் தந்த சமத்துவமும்

1. கேள்வி

இந்தியாவில் மனநோய்க்கு மருத்துவக் காப்பீடு உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே சட்டப்படி சரியான விடை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக்கியிருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அதற்கேற்ப ஆணைகள் பிறப்பித்திருக்கிறது. உயர் நீதிமன்றத் தீர்ப்பும் உள்ளது. ஆயினும் மனச்சோர்வுக்காக மாதந்தோறும் மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கி, வாரம் ஒருமுறை உளவியலாளரிடம் சென்றுவரும் ஒருவர், ஐந்து லட்ச ரூபாய்க்குப் பாலிசி வைத்திருந்தாலும், பெரும்பாலும் அதிலிருந்து ஒரு ரூபாய்கூடப் பெற முடிவதில்லை. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறார். சிகிச்சைக்கும் கைப்பணத்தையே எடுக்கிறார்.

நிறுவனங்கள் சட்டத்தை மீறுவதால்தான் இப்படி நேர்கிறது என்பது பரவலான கருத்து. மீறல்கள் உண்டு, அவற்றைக் கீழே பார்ப்போம். ஆனால் சட்டம் எழுத்துப் பிசகாமல் பின்பற்றப்பட்டாலும் மேற்சொன்ன நோயாளியின் நிலை மாறாது என்பதே இக்கட்டுரையின் வாதம். உடல்நோய்க்கு உள்ளது மனநோய்க்கும் வேண்டும் என்று சட்டம் கேட்டது. இந்தியாவில் உடல்நோய்க்கான காப்பீடு மருத்துவமனைப் படுக்கையை மையமாக வைத்துக் கட்டப்பட்டது. மனநலச் சிகிச்சையின் பெரும்பகுதியோ படுக்கைக்கு வெளியே நடப்பது. பொருந்தாத அளவுகோலைச் சமமாக நீட்டியதால் சமத்துவம் காகிதத்தில் நிற்கிறது.

இது சிறுபான்மையினரின் சிக்கலும் அன்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு அப்போது ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்களின் பங்கு, கோளாற்றைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. இந்த இடைவெளிக்கு அறியாமையும் சமூக இழிவும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பணமும் ஒரு காரணம். அது போதிய அளவு பேசப்படவில்லை.

2. சட்டமும் ஆணையமும் நீதிமன்றமும்

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு ஒரே வாக்கியம்தான். உடல்நோய்ச் சிகிச்சைக்கு எந்த அடிப்படையில் காப்பீடு வழங்கப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் வழிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன்பு ஏறத்தாழ எல்லாப் பாலிசிகளிலும் மனநோய் விலக்குப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. ஒரு நோயாளிக் கூட்டத்தையே வாசலில் நிறுத்தியிருந்த அந்த வழக்கத்தை இந்த ஒற்றை வாக்கியம் சட்டவிரோதமாக்கியது. இதற்காக உழைத்தவர்களின் சாதனையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

2018 ஆகஸ்டில் ஐஆர்டிஏஐ எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. 2019 செப்டம்பரில் விலக்குகளை ஒழுங்குபடுத்தும் வழிகாட்டுதல்களை வெளியிட்டு, மனநோய், மன அழுத்தம், உளவியல் கோளாறுகள், நரம்புச் சிதைவு நோய்கள் ஆகியவற்றை விலக்கக் கூடாது என்றது. புதிய பாலிசிகளுக்கு 2019 அக்டோபரிலிருந்தும், ஏற்கெனவே சந்தையில் இருந்தவற்றுக்கு 2020 அக்டோபரிலிருந்தும் இது பொருந்தும் என்று அவகாசம் தந்தது. நாடாளுமன்றம் உடனடியாகத் தந்த உரிமைக்கு ஆணையம் தவணை கொடுத்தது சரியா என்ற கேள்வி எழுந்தது.

அதற்குத் தில்லி உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் விடையளித்தது. மனப்பிளவும் மனநிலைக் கோளாறும் கலந்த நோய்க்காக 2020இல் மருத்துவமனையில் சேர்ந்த பெண் ஒருவரின் கிளைமை, பாலிசியில் மனநோய் விலக்கப்பட்டிருப்பதைக் காட்டி ஒரு காப்பீட்டு நிறுவனம் நிராகரித்திருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை, பழைய பாலிசியின் வாசகத்தையோ இடைக்கால அவகாசத்தையோ காட்டித் தப்ப முடியாது என்று நீதிபதி பிரதிபா எம். சிங் தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் அந்நீதிமன்றத்துக்கு வந்த இன்னொரு வழக்கு வேறு வகையானது. மொத்தக் காப்பீட்டுத் தொகை 35 லட்ச ரூபாயாக இருந்த ஒரு பாலிசி, மனநோய்க்கு மட்டும் 50,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. விலக்குப் பட்டியலிலிருந்து மனநோயை எடுத்துவிட்டு உச்சவரம்பு மூலம் கதவைப் பாதி சாத்தும் முறை அது.

2022 அக்டோபரில் ஐஆர்டிஏஐ மீண்டும் சுற்றறிக்கை அனுப்பி, அம்மாத இறுதிக்குள் எல்லாப் பாலிசிகளும் சட்டத்துக்கு இணங்கியிருப்பதை உறுதிசெய்யச் சொன்னது. நடைமுறைக்கு வந்து நான்காண்டுகளுக்கு மேலாகியும் ஒரு சட்டத்தைப் பின்பற்றும்படி ஆணையம் கேட்க வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில் மாற்றுத்திறனாளிகள், எச்ஐவி தொற்றுள்ளோர், மனநோயாளிகள் ஆகியோருக்கென ஒரு மாதிரிப் பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் கட்டாயம் வழங்க வேண்டும் என்ற ஆணை வந்தது. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கு அது ஒரு வாயில். எனினும் பொதுப் பாலிசிகளில் இவர்களைச் சேர்க்காமலிருக்க அதுவே சாக்காகிவிடக் கூடாது என்ற அச்சம் எனக்கு உண்டு.

3. படுக்கை என்னும் நிபந்தனை

சிக்கலின் மையத்துக்கு வருவோம். இந்திய மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியின் அடிப்படை விதி, நோயாளி குறைந்தது 24 மணி நேரம் தொடர்ச்சியாக உள்நோயாளியாக இருக்க வேண்டும் என்பது. குறிப்பிட்ட ஒருநாள் சிகிச்சைகளுக்கு மட்டுமே விதிவிலக்கு. மருத்துவமனை என்பதற்கும் வரையறை உண்டு: பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊரில் குறைந்தது 10 படுக்கைகள், மற்ற இடங்களில் 15, இரவுபகலாகத் தகுதிபெற்ற செவிலியர். குடல்வால் அறுவைக்கும் டெங்குக் காய்ச்சலுக்கும் இது பொருந்தும். நோய் வருகிறது, சேர்கிறோம், குணமாகி வீடு திரும்புகிறோம். செலவு அந்தச் சில நாட்களில் திரண்டு நிற்கிறது.

மனநோயின் கால அளவு வேறு. மனச்சோர்வுக்கான மருந்தை அறிகுறிகள் நீங்கிய பிறகும் குறைந்தது ஆறு மாதங்களுக்குத் தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ நெறி. முதன்முறை மனப்பிளவு வந்தவருக்கு ஓராண்டு, ஈராண்டு என்று நீளும். பலருக்கு அதற்கும் மேல். இருமுனைக் கோளாற்றுக்கு லித்தியம் எடுப்பவர் குறிப்பிட்ட இடைவெளிகளில் இரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் நிலையையும் பரிசோதிக்க வேண்டும். சிந்தனைப் பழக்கங்களை மாற்றும் உளவியல் சிகிச்சை வாரம் ஓர் அமர்வாகப் பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள் வரை செல்லும். ஒரு தடவைக்கான செலவு சிறியது. ஓராண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் நடுத்தரக் குடும்பத்தையும் நெருக்கும். இவற்றில் எதற்கும் படுக்கை தேவையில்லை. எனவே அடிப்படைப் பாலிசியில் எதற்கும் காப்பீடு இல்லை.

படுக்கையில் சேர்ந்தவருக்கும் பாலிசி எதுவரை துணைவருகிறது என்று பார்க்கலாம். எல்லா நிறுவனங்களும் ஒரேமாதிரி வழங்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2020இல் கொண்டுவந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில், மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 60 நாள் செலவும் சேரும். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனப்பிளவு நோய்க்குத் தரப்படும் குளோசபின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். வெள்ளணுக்கள் அபாயகரமாகக் குறையக்கூடும் என்பதால், முதல் 18 வாரங்களுக்கு வாராவாரம் இரத்தப் பரிசோதனை செய்வது பரவலான நடைமுறை. அறுபது நாள் என்பது எட்டரை வாரம். கண்காணிப்பின் பாதி வழியிலேயே காப்பீடு நின்றுவிடுகிறது. இந்த மாத்திரையை இடையில் விட்டால் நோய் பெரும்பாலும் திரும்பும். திரும்பினால் மறுபடி மருத்துவமனை. அதற்குக் காப்பீடு உண்டு. நோய் முற்றினால் பணம் தருகிறோம், முற்றாமல் பார்த்துக்கொள்ளத் தர மாட்டோம் என்பதே இந்த ஏற்பாட்டின் பொருள்.

விலக்குகள் இந்த நிபந்தனையை மேலும் இறுக்குகின்றன. ஐஆர்டிஏஐ அனுமதித்த பொது விலக்குகளில் நான்காவது, நோயறிதலுக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே சேர்வது. ஐந்தாவது, ஓய்வுக்காகவும் மறுவாழ்வுக்காகவும் பராமரிப்புக்காகவும் சேர்வது. உடல்நோய்க்கு இவை நியாயமாகப்படலாம். மனநல மருத்துவத்தில் மதிப்பீட்டையும் சிகிச்சையையும் பிரித்தறிவது கடினம். ஒருவரை வார்டில் வைத்து, உறக்கத்தையும் பேச்சையும் நடத்தையையும் சில நாட்கள் கவனித்த பிறகே நோய் இன்னதென்று பல நேரங்களில் முடிவுசெய்கிறார்கள். நெடுநாள் மனநோயிலிருந்து மீள்பவருக்கு மறுவாழ்வுதான் சிகிச்சையின் மிக முக்கியமான பகுதி. குளிப்பது, சமைப்பது, பேருந்தில் தனியாகப் போவது, ஒரு வேலையில் நிலைப்பது ஆகியவற்றைத் திரும்பக் கற்பதை மருத்துவம் அல்ல என்று பாலிசி ஒதுக்குகிறது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும், 1993இல் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பும், மருந்தோடு இவையும் சேர்ந்தால்தான் ஒருவர் வாழ்க்கைக்குத் திரும்ப முடியும் என்பதைப் பல ஆண்டுகளாகச் செய்து காட்டியிருக்கின்றன.

சட்டத்துக்குள்ளேயே உள்ள முரண் இதைவிட ஆழமானது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியை இயன்றவரை மருத்துவமனைக்கு வெளியே, சமூகத்தில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறது. அதன் 18ஆம் பிரிவு பட்டியலிடும் சேவைகளில் வெளிநோயாளிச் சிகிச்சை, இடைநிலை இல்லங்கள், ஆதரவுடன் கூடிய தங்குமிடம், வீடு தேடி வரும் மறுவாழ்வு எல்லாம் உள்ளன. 19ஆம் பிரிவு சமூகத்தில் வாழும் உரிமையைத் தருகிறது. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின் வழியே வரும் காப்பீடு மட்டும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் என்கிறது. ஒரு சட்டத்தின் ஒரு பிரிவு வெளியே அழைக்க, மற்றொரு பிரிவின் நடைமுறை உள்ளே இழுக்கிறது. வெளியிலேயே கவனிக்கக்கூடிய ஒருவரைக் கிளைம் கிடைக்கும் என்பதற்காக வார்டில் சேர்க்கும் தூண்டுதல் மருத்துவமனைக்கும் குடும்பத்துக்கும் ஒருங்கே எழுகிறது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்த மாநிலம் தமிழ்நாடு. மனநோயாளியை அடைத்து வைப்பதன் விலையை நாம் அறிவோம். அடைப்பை நோக்கி இலேசாகத் தள்ளும் எந்தப் பண ஏற்பாட்டையும் இங்கே கூடுதல் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும்.

4. விலக்கில் மீந்திருப்பவை

சட்டம் மனநோயை வரையறுக்கையில், சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, திசையறிவு, நினைவு ஆகியவற்றில் ஏற்படும் கணிசமான கோளாறு, முடிவெடுக்கும் திறனையோ அன்றாட வாழ்வைச் சமாளிக்கும் திறனையோ பெரிதும் குலைக்க வேண்டும் என்கிறது. கட்டாயச் சிகிச்சைக்கு எதிரான பாதுகாப்பாக இந்த உயர்ந்த வரம்பு வைக்கப்பட்டது. சாதாரணக் கவலையைக் காட்டி யாரையும் அடைத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். நிறுவனங்கள் அதே வரையறையைப் பாலிசியில் எடுத்தாளும்போது, மிதமான மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் மனநோயே அல்ல என்று வாதிட இடம் கிடைக்கிறது. உரிமையைக் காக்க எழுதப்பட்ட வாசகம் உரிமையைச் சுருக்கப் பயன்படக் கூடாது. காப்பீட்டுக்கென மருத்துவ வகைப்பாட்டின் அடிப்படையில் தனி வரையறையை ஆணையம் தர வேண்டும்.

அதே சட்ட வரையறையில், மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் அடங்கும் என்று வெளிப்படையாக உள்ளது. ஐஆர்டிஏஐயின் பொது விலக்குகளில் பன்னிரண்டாவதோ மது, போதை அடிமைத்தனத்துக்கான சிகிச்சையையும் அதன் விளைவுகளையும் விலக்க அனுமதிக்கிறது. நாடாளுமன்றம் மனநோய் என்று சொன்னதை ஆணையம் விலக்கலாம் என்கிறது. சட்டத்துக்கு முரணான ஓர் ஒழுங்குமுறை விதி நிலைக்கத் தகாதது என்பதே என் முடிவு. இதன் விளைவு சிறியதல்ல. தேசியக் கணக்கெடுப்பில் மதுப் பழக்கக் கோளாறு வயதுவந்தோரில் ஏறத்தாழ 4.6 சதவீதம்; அவர்களில் 86 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை. அரசே மது விற்கும் தமிழ்நாட்டில், குடிநோயிலிருந்து மீள விரும்பும் ஒருவருக்குத் தான் பிரீமியம் கட்டிய பாலிசி கைகொடுப்பதில்லை. அவர் மனைவியின் தாலியோ தோடோதான் அந்தச் செலவைத் தாங்குகிறது.

தற்கொலை முயற்சியிலும் இதே நிலை. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதற்கான சிகிச்சையைப் பல பாலிசிகள் விலக்குகின்றன. சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. குற்றவியல் சட்டம் பெரும்பாலும் தண்டிப்பதை விட்டுவிட்டது. காப்பீட்டு ஒப்பந்தம் இன்னும் விடவில்லை. விஷம் குடித்தவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் காப்பாற்றிய குடும்பம், அந்தப் பில்லையும் முழுதாகத் தானே கட்டுகிறது.

5. செலவு கட்டுக்கடங்காமல் போகுமா?

வெளிநோயாளிச் சிகிச்சையைச் சேர்க்கத் தயங்கும் நிறுவனங்களின் வாதத்தைப் புறந்தள்ள முடியாது. பணம் வேறொருவர் கட்டினால் தேவையில்லாதவர்களும் கவுன்சலிங் போவார்கள். நோயை உறுதிசெய்ய ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ இல்லை. ஆயிரம் ரூபாய்க் கிளைம்கள் குவிந்தால் நிர்வாகச் செலவே பெரிதாகும் என்பவை அவர்கள் சொல்பவை. இந்த வாதத்துக்கு அமெரிக்காவில் ஆய்வுப் பின்னணியும் இருந்தது. 1970களில் ராண்ட் ஆய்வு நிறுவனம் தொடங்கிய காப்பீட்டுப் பரிசோதனை, நோயாளி கையிலிருந்து தரவேண்டிய தொகை குறைந்தால் மனநல வெளிநோயாளிச் சேவையின் பயன்பாடு பொது மருத்துவத்தைவிட அதிகமாக உயர்கிறது என்று கண்டது. மனநலக் காப்பீட்டை ஒடுக்கி வைப்பதற்கு அது நெடுங்காலம் ஆதாரமாகக் காட்டப்பட்டது.

பின்வந்த சான்று வேறு திசையில் செல்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு ஊழியர்களின் காப்பீட்டில் 2001 முதல் மனநலத்துக்குச் சமத்துவம் தரப்பட்டது. அதன் விளைவை ஆராய்ந்த கோல்ட்மேன் குழுவினர் 2006இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட முடிவு: சேவையை நிர்வகிக்கும் முறையோடு சேர்த்துத் தரப்பட்டபோது மொத்தச் செலவு குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை, ஊழியர்களின் கைச்செலவு குறைந்தது. இந்தச் சூழலில்தான் 2008இல் மனநலச் சமத்துவச் சட்டம் அங்கே நிறைவேறியது. நம் 21(4)ஐ விட அது நுணுக்கமானது. உச்சவரம்பு, நோயாளியின் பங்குத்தொகை, முன்அனுமதி விதிகள் எல்லாவற்றிலும் சமத்துவம் கேட்கிறது.

ஆனால் அந்த முடிவில் உள்ள நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். செலவு உயராததற்குக் காரணம் நிர்வகிப்பு. நிறுவனம் தன் பட்டியலில் உள்ள மருத்துவர்களிடம் மட்டும் அனுப்பும், கட்டணத்தைக் குறைத்துப் பேசும், முன்அனுமதி கேட்கும். கட்டணம் குறைந்ததால் மனநல மருத்துவர்கள் பட்டியலிலிருந்து விலகினர். பட்டியலில் பெயர்கள் மட்டும் நின்றன. 2023 மே மாதம் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. குழுவின் ஊழியர்கள் ஆறு மாநிலங்களில் 12 திட்டங்களின் பட்டியல்களிலிருந்து 120 மனநலச் சேவையாளர்களை, நோயாளிக்காக நேரம் கேட்பவர்கள்போல் தொலைபேசியில் அழைத்தனர். 18 சதவீத அழைப்புகளில் மட்டுமே மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைத்தது. மற்றவை தவறான எண்கள், பதிலில்லாத எண்கள், புதிய நோயாளிகளை ஏற்காதவர்கள். இத்தகைய பட்டியல்களை அங்கே பேய்ப் பட்டியல் என்கிறார்கள். மனம் ஒடிந்து கிடக்கும் ஒருவர், எழுந்து தொலைபேசியை எடுப்பதே பெரும்பாடாக இருக்கும் நாளில், பத்து எண்களை அழைத்துப் பத்திலும் இல்லை என்ற பதில் கேட்டால் பதினொன்றாவதை அழைப்பாரா?

இந்தியாவுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் இரண்டு திசையிலும் வெட்டுகிறது. செலவு கட்டுக்கடங்காது என்ற அச்சத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை. அதே நேரம், பாலிசியில் ஒரு வரியைச் சேர்த்தால் சிகிச்சை கிடைத்துவிடும் என்பதும் உண்மையன்று. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே உள்ளனர் என்பது பரவலாக மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடு. இருப்பவர்களும் சென்னை, கோவை, மதுரை, வேலூர் போன்ற நகரங்களில் குவிந்திருக்கிறார்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர்களைத் தேடுவது இன்னும் கடினம். கேஷ்லெஸ் பட்டியலில் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்தால் கண் மருத்துவமனைகளும் எலும்பு மருத்துவமனைகளும் வரும்; மனநல மருத்துவமனை பல மாவட்டங்களில் வராது.

உள்ளதைச் சொன்னால், தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு மனநலச் சிகிச்சை கிடைப்பது காப்பீட்டின் வழியாக அன்று. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகள், மாவட்ட மனநலத் திட்டம் ஆகியவற்றின் வெளிநோயாளிப் பிரிவில் (ஓபி) வரிசையில் நின்று இலவசமாக மாத்திரை வாங்குவோர்தான் அதிகம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழில் பேசலாம். இவை வலுப்பட வேண்டும். ஆனால் அரசு மருத்துவமனை இருக்கிறதே என்பது, பிரீமியம் வாங்கிய நிறுவனம் கைவிரிப்பதற்குச் சமாதானமாகாது.

6. சொன்னால் சிக்கல், சொல்லாவிட்டாலும் சிக்கல்

பாலிசி எடுக்கும்போது நிரப்பும் முன்மொழிவுப் படிவம் முந்தைய நோய்களைக் கேட்கிறது. மனநோயை எழுதினால் பிரீமியம் கூடலாம், விண்ணப்பமே மறுக்கப்படலாம். எழுதாமல் விட்டால், பிற்காலத்தில் அந்தக் கிளைமை மட்டுமல்லாமல் தொடர்பில்லாத கிளைமையும் தகவலை மறைத்ததாகச் சொல்லி நிராகரிக்க வாய்ப்புண்டு. சர்க்கரை நோய்க்கும் இது பொருந்தும் என்பார்கள். ஆனால் சர்க்கரை நோயை எழுதுவதால் ஒருவருக்குப் பெண் கொடுக்க மறுப்பதில்லை. குடும்பப் பாலிசியில் தந்தையின் பெயரில் படிவம் போகிறது. அலுவலகக் குழுப் பாலிசியில் கிளைம் தாள்கள் சில இடங்களில் மனிதவளத் துறையின் மேசை வழியே செல்கின்றன. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் இரகசியம் காக்கப்படும் உரிமை அந்த மேசையில் செல்லுபடியாகிறதா என்று கேட்பார் இல்லை. இருக்கும் உரிமையைக்கூடப் பயன்படுத்தாமல் கைப்பணம் கட்டிப் போகிறவர்கள் இதனால் உருவாகிறார்கள். அவர்கள் கிளைம் எண்ணிக்கையில் வருவதே இல்லை. தேவை குறைவாக இருக்கிறது என்று அந்த எண்ணிக்கையைக் காட்டியே சொல்ல முடிகிறது.

2024இல் வந்த புதிய விதிகள் இங்கே ஓரளவு உதவுகின்றன. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 48 மாதங்களிலிருந்து 36 ஆகக் குறைந்தது. தொடர்ச்சியாக 60 மாதங்கள் பிரீமியம் கட்டிய பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றித் தகவலை மறைத்தார் என்று கிளைமை மறுக்க முடியாது. முன்பு இது எட்டாண்டாக இருந்தது.

7. கையருகே உள்ள முன்மாதிரி

வெளிநோயாளிச் சிகிச்சையோடு கூடிய காப்பீடு இந்தியாவில் சாத்தியமில்லை என்று சொல்பவர்கள் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயை மறந்துவிடுகிறார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொடங்கிய அத்திட்டம் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறும் தொழிலாளர்களுக்கானது. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். அதில் ஓபி உண்டு, மருந்து உண்டு, குடும்பத்தினருக்கும் உண்டு. இதைவிட முக்கியமானது, நெடுநாள் நோய்களுக்கான நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகை. அதற்குரிய 34 நோய்களின் பட்டியலில் மனப்பிளவு உள்ளிட்ட கடும் மனநோய்களும் இடம்பெற்றுள்ளன. தகுதியான பணிக்காலம் உள்ளவருக்கு, சம்பளத்தின் 80 சதவீதம் ஈராண்டு வரை கிடைக்கும்.

மனநோய் வந்தவரின் பெரிய இழப்பு மருத்துவமனைப் பில் அன்று, நின்றுபோகும் சம்பளம் என்பதை இந்தத் திட்டம் உணர்ந்திருக்கிறது. இன்றைய தனியார் பாலிசிகளில் அந்த உணர்வைக் காண முடியவில்லை. இஎஸ்ஐ மருந்தகங்களின் குறைகளைத் தொழிலாளர்கள் நன்றாகவே அறிவார்கள். திட்டத்தின் வடிவம் சரியாக இருந்தாலும் நடத்துவதில் தளர்ச்சி உண்டு. ஆனாலும் வடிவம் சரியாக இருந்தால் நடத்தும் முறையைத் திருத்தலாம். படுக்கையை மட்டும் எண்ணும் வடிவத்தை எவ்வளவு நேர்மையாக நடத்தினாலும் மனநோயாளிக்குப் பயன் சிறிதே.

8. செய்ய வேண்டியவை

மனநோய் என்று உறுதிசெய்யப்பட்டவருக்கு ஓபி ஆலோசனை, மருந்து, பரிசோதனை, பதிவுபெற்ற உளவியலாளரின் அமர்வுகள் ஆகியவற்றை, கூடுதல் விலைக்கு வாங்கும் இணைப்பாக இல்லாமல், அடிப்படைப் பாலிசியின் பகுதியாகவே தர ஐஆர்டிஏஐ ஆணையிட வேண்டும். ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கலாம், அதில் தவறில்லை. அப்படிச் செய்தால் அது உடல்நோயைவிட அதிகம் தருவதாகுமே என்ற மறுப்பு எழும். சமத்துவம் என்பது விதியின் சொற்களில் அளக்கப்பட வேண்டியதா, நோயாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பில் அளக்கப்பட வேண்டியதா என்பதே கேள்வி. நான் இரண்டாவதன் பக்கம். மது, போதைக்கான பன்னிரண்டாம் விலக்கு நீங்க வேண்டும். தற்கொலை முயற்சிக்கான விலக்கும் நீங்க வேண்டும். மனநோய்க்கு வந்த கிளைம்கள் எத்தனை, மறுக்கப்பட்டவை எத்தனை, என்ன காரணத்தால் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் சட்டம் நிறைவேறுகிறது என்று ஆணையம் சொல்வதை யாராலும் சரிபார்க்க முடியாது.

தமிழ்நாடு அரசுக்கும் ஒரு கடமை உண்டு. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நிதியில் நடக்கும் மருத்துவமனைகளில் உரிய மனநலச் சேவை கிடைக்கும் காலம்வரை, வேறிடத்தில் பெற்ற சிகிச்சையின் செலவைத் திருப்பித் தருவதற்கு விதிகள் வகுக்கச் சொல்கிறது. மருத்துவக் காப்பீட்டை 2009லேயே ஏழைக் குடும்பங்களுக்குக் கொண்டுசென்ற மாநிலம் இந்த விதியையும் முன்னின்று நடைமுறைப்படுத்த வேண்டும்.

வாசகருக்கு ஒரு சொல். மனநோய் என்பதற்காக உங்கள் கிளைம் மறுக்கப்பட்டால், எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முறையீடு எழுதி, 21(4)ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் புகார் தரலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும்.